கடல் காற்றாலைப் படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

காசிமேட்டிலிருந்து எழுதியிருக்கும் அக்காவுக்கு,

பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், விளம்பரத்தில் பார்த்த 'கடல் காற்றாலை டெக்னீஷியன்' பயிற்சிக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அக்கா.

நம் நாட்டுக் கடலில் இன்னும் ஒரு காற்றாலைகூடச் சுழலவில்லை. 2024 ஜூனில்தான் ஒன்றிய அரசு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் 500 மெகாவாட், குஜராத்தில் 500. வரும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அந்த விளம்பரத்தில் இருக்கும் ஜி.டபிள்யூ.ஓ. என்கிற உலகக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டே வருடம்தான் செல்லும். வேலை வருவதற்குள் அது காலாவதியாகிவிட்டால் நகையும் போய்விடும். அந்தச் சான்றிதழை வேலை கையில் வந்தபிறகு வாங்கினால் போதும்.

காற்றாலை நிற்கப்போவது தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம். அதைச் செய்கிற வேலை மட்டும் கரையில். கடலுக்குள் இறக்கும் இரும்புத் தூண் 8, 10 மீட்டர் விட்டம்கூட வரும். கனத்த பிளேட்டை வளைத்து, வெல்டிங் அடித்து, இணைப்புகளை அல்ட்ராசோனிக் வைத்துச் சோதிப்பார்கள். எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கான இதே வகை இரும்பு வேலைக்கு உங்களுக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலேயே யார்டு இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரே வருடம். படித்துவிட்டு அப்ரண்டிஸ் போகட்டும், 3ஜி (செங்குத்தாக), 4ஜி (தலைக்கு மேலே) வெல்டிங் டெஸ்ட் பாஸ் பண்ணட்டும், பிறகு இணைப்புகளைச் சோதிக்கும் வேலையில் லெவல் 2 சான்றிதழ் வாங்கட்டும். காற்றாலை தள்ளிப்போனாலும் எண்ணூர், மணலிப் பக்கம் இந்தக் கைக்கு மதிப்பு உண்டு.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. லீவு நாளில் மாமாவோடு ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றாலை இறக்கையும் கண்ணாடி நாரும் ரெசினும்தான் அக்கா! படகுக்குப் பாலியெஸ்டர் என்றால் அதற்குப் பெரும்பாலும் எபாக்சி. ஒட்டுகிற நார் விரிப்புக்குள் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது என்பது அவன் விரலுக்கு ஏற்கனவே தெரியும். அந்தக் கையோடு கிண்டியில் ஒன்றிய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டில் பிளாஸ்டிக் டெக்னாலஜி டிப்ளமோ படித்தால், தரைக் காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலைகளிலேயே இப்போதே கேட்கலாம். பத்தாம் வகுப்பு போதும், நுழைவுத் தேர்வு உண்டு.

இரும்பா, ஃபைபரா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் மார்க் ஷீட்டோடு என்னிடம் அழைத்து வாருங்கள். மாமாவும் வந்தால் நல்லது, அவன் கைப்பழக்கம் அவருக்குத்தான் தெரியும்.