டேபிள் லேஅவுட் பேனலில் நடு வரியை நீக்கினால் இடம் காலியாகவே நிற்கிறது, என்ன செய்வது?

சி ஷார்ப் மொழி, விண்டோஸ் ஃபார்ம்ஸ் (விண்டோஸில் திரைகள் கட்டும் கருவித்தொகுப்பு). அதில் பொருள்களை வரியும் காலமுமாக (row, column) அடுக்கும் பெட்டிதான் டேபிள் லேஅவுட் பேனல். ‘சேர்’ பட்டனைத் தட்டினால் புது வரி வருகிறது. நடுவில் ஒன்றை நீக்கினால் அந்த இடம் விழுந்த பல் மாதிரி காலியாக நிற்கிறது. அதற்கப்புறம் எதை நீக்கினாலும் வேறு வரி போகிறது. இதுதானே உங்கள் கேள்வி? இரண்டும் வேறு வேறு கோளாறு.

காலி இடத்தை முதலில் பார்ப்போம். பேனலிலிருந்து ஒரு கண்ட்ரோலை (பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ் மாதிரி) எடுத்தால் அது மட்டும்தான் போகும், அது உட்கார்ந்திருந்த வரி போகாது. வரிகளின் எண்ணிக்கை ரோகவுண்டில் இருக்கிறது, உயரம் ரோஸ்டைல்ஸில் இருக்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது தானாகக் குறையாது. நீங்கள் வரிக்கு இத்தனை பிக்சல் என்று அப்சல்யூட் உயரம் கொடுத்திருப்பீர்கள், அதனால்தான் ஓட்டை தெரிகிறது. ஆட்டோசைஸ் என்றால் காலி வரி சுருங்கிக் கண்ணுக்கே தெரியாது, ஆனால் உள்ளே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே அந்த வரியின் கண்ட்ரோல்களை எடுத்த பிறகு, கீழே இருப்பவை ஒவ்வொன்றுக்கும் கெட்ரோ (அது எந்த வரி என்று சொல்லும்) கொடுக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்து செட்ரோ செய்யுங்கள். பிறகு ரோஸ்டைல்ஸில் அந்த இடத்தை ரிமூவ்அட் செய்து, ரோகவுண்டில் ஒன்றைக் குறையுங்கள். ஆரம்பத்தில் சஸ்பெண்ட்லேஅவுட், கடைசியில் ரெஸ்யூம்லேஅவுட் போட்டால் திரை துடிக்காது. சேர்க்கும்போது இடத்தைச் சொல்லியே சேருங்கள். சொல்லாமல் சேர்த்ததற்கு கெட்ரோ -1 என்றுதான் பதில் தரும். ஆட் மெத்தடில் காலம் முதலில், ரோ அப்புறம். இதை மாற்றிப் போடாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

வேறு வரி போவதற்குக் காரணம், ‘நீக்கு’ பட்டனின் கிளிக் ஈவெண்டில் வரி எண்ணை அப்போதே பிடித்து வைத்திருப்பது. பட்டன் உருவானபோது அது 4-வது வரி. மேலே ஒன்று போனதும் அது 3 ஆகிவிட்டது, உங்கள் கோட் இன்னும் 4 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. கிளிக் ஆகும் நொடியில் செண்டரை (sender, அதாவது தட்டப்பட்ட பட்டனை) கொடுத்து கெட்ரோவிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஹார்ட்வேர் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பில் முடிந்ததும் கண்ட்ரோல்ஸ்.கிளியர் போட்டுப் பேனலைக் காலி செய்துவிட்டு, அடுத்த பில். காலையில் நன்றாக ஓடும். மதியம் போன் வரும்: “தம்பி, மறுபடியும் படுத்துடுச்சு.” திரையில் ‘எரர் கிரியேட்டிங் விண்டோ ஹேண்டில்’, அதாவது புது விண்டோவை உருவாக்க முடியவில்லை.

ரிமூவ், கிளியர் இரண்டுமே கண்ட்ரோலைப் பேனலிலிருந்து வெளியே எடுக்கும், அழிக்காது. கண்ணுக்குத் தெரியாத ‘பார்க்கிங் விண்டோ’ ஒன்றின் கீழ் அது போய் நின்றுகொள்ளும். வண்டி எடுக்கத்தான் ஆள் வராது. என் வரியில் ஒரு காம்போபாக்ஸ் (பெட்டி, உள்ளே தட்டச்சுக் கட்டம், கீழே விரியும் பட்டியல் என்று 3 விண்டோ), ஒரு நியூமெரிக்அப்டவுன் (அதுவும் 3), ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ், ஒரு லேபிள், ஒரு பட்டன். ஆக வரிக்கு 9. இப்படிப்பட்ட விண்டோ முதலான யூசர் ஆப்ஜெக்ட்களுக்கு, ஒரு புரோகிராமுக்கு விண்டோஸ் வழக்கமாகத் தரும் உச்சவரம்பு 10,000. ஆக 1,100 சொச்சம் வரிகள். பில்லுக்கு 20 வரி என்றால் 55 பில். கடைக்காரர் மதியத்துக்குள் அதைத் தொட்டுவிடுவார்! டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் என்ற காலத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பில்லுக்கும் எண் ஏறுவது தெரியும்.

மருந்து டிஸ்போஸ், கண்ட்ரோலை நிஜமாகவே அழிக்கும் மெத்தட். அதை அழைத்தாலே கண்ட்ரோல் பேனலிலிருந்தும் கழன்றுவிடும், தனியாக ரிமூவ் வேண்டாம். ஆனால் ஃபார்ஈச் (ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும் லூப்) போட்டு டிஸ்போஸ் செய்தால் பட்டியல் நடுவிலேயே நகர்ந்து, ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். பிழையும் காட்டாது, பாதி மட்டும் மிச்சம் நிற்கும். கடைசியிலிருந்து முதலாவதை நோக்கி எண்ணி வாருங்கள். அழியப்போகும் வரியில்தான் ‘நீக்கு’ பட்டனும் இருக்கிறது என்பதால், அந்த வேலையை பிகின்இன்வோக்கில் (இந்த ஈவெண்ட் முடிந்த பிறகு செய் என்று) தள்ளிவிடுவது நல்லது. தன் ஈவெண்ட் முடிவதற்குள் பட்டனை அழித்தால் சில நேரம் முரண்டு பிடிக்கும்.

இப்போது புதிதாக எழுதினால் நான் இந்தப் பேனலைத் தொடுவதில்லை. வரிக்கு ஒரு யூசர்கண்ட்ரோல் (பல கண்ட்ரோல்களை ஒன்றாகக் கட்டியது), அதை மேலிருந்து கீழாக அடுக்க ஃப்ளோலேஅவுட்பேனல், அடுத்த காலத்துக்கு மடங்காமல் இருக்க ரேப்காண்டெண்ட்ஸ் ஃபால்ஸ். வரி எண் என்ற பேச்சே இல்லை. ஒரு டிஸ்போஸ், உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும், கீழே உள்ளவை தாமே ஏறிக்கொள்ளும். காலங்கள் நேராக நிற்க அகலத்தை நீங்களே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கில் வரி வரும் என்றால் இது எதுவும் வேண்டாம், அட்டவணைக்கென்றே இருக்கும் டேட்டாகிரிட்வியூவுக்குப் போய்விடுங்கள்.

டேபிள் லேஅவுட்டையே வைத்துக்கொள்வதானால் இன்னொரு தொல்லை வரும்: மிச்ச உயரத்தையெல்லாம் கடைசி வரி விழுங்கிக்கொண்டு உப்பி நிற்கும். அடியில் ஒரு காலி வரியை விட்டு வையுங்கள், அது உப்பட்டும்.