பூக்கும் காலத்தை ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

பயிர்கள் பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களைக் கண்டறியும் ஆராய்ச்சிக்குச் செல்ல உங்கள் மகள் விரும்புகிறார் என்றும், அதற்கு வேலைவாய்ப்பு இருக்குமா என்று கவலையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவருடைய தேர்வு வீண் ஆசை அன்று.

இந்த ஆராய்ச்சிக்கு அடிப்படையான மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தல் (ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதிலும் உள்ள எழுத்துகளின் வரிசையைப் படித்தறிதல்) என்றதும் பெற்றோர் பலர் கல்லூரியில் அதற்கான இயந்திரம் இருக்கிறதா என்றே முதலில் விசாரிக்கிறார்கள். அது சரியான அளவுகோல் அன்று என்பது என் உறுதியான கருத்து. டிஎன்ஏ மாதிரியை வெளியில் அனுப்பினால் வரிசைத் தரவு வந்து சேர்ந்துவிடும். உண்மையான கடினம் அதற்கு முன்பும் பின்பும்தான் இருக்கிறது.

சீக்கிரம் பூக்கும் நெல் ரகத்தையும் தாமதமாகப் பூக்கும் ரகத்தையும் கலப்பினம் செய்து, இரண்டாம் தலைமுறைச் செடிகளை வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு மாணவர் நாள்தோறும் வயலில் செடி வரிசைகளுக்கிடையே நடந்து, ஒவ்வொரு செடியிலும் முதல் கதிர் இலையுறையை விட்டு வெளிவரும் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மிக முந்திய செடிகளின் டிஎன்ஏவை ஒரு தொகுப்பாகவும், மிகப் பிந்திய செடிகளின் டிஎன்ஏவை மற்றொன்றாகவும் கலந்து வரிசைப்படுத்துகிறார்கள். குரோமோசோம்களின் பெரும்பகுதியில் இரு பெற்றோர் ரகங்களிடமிருந்து வந்த டிஎன்ஏ வடிவங்களும் இரு தொகுப்புகளிலும் ஏறத்தாழ சரிபாதியாகவே இருக்கும். பூக்கும் காலத்தை ஆளும் மரபணு உள்ள பகுதியில் மட்டும் அந்த விகிதம் எதிரெதிர்த் திசைகளில் விலகும். அந்தப் பகுதிக்குள் பல மரபணுக்கள் இருக்கக்கூடும் என்பதால், காரணமான ஒன்றைப் பிரித்தறிய மேலும் கலப்பினங்களும் மரபணுத் திருத்தச் சோதனைகளும் தேவைப்படும். தேதிகள் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் எந்த இயந்திரமும் அதைச் சரிசெய்யாது.

இதன் பயன் பெரியது. 2008ஆம் ஆண்டு நெல்லில் அடையாளம் காணப்பட்ட ஜிஹெச்டி7 என்னும் மரபணு, நீண்ட பகல் நாட்களில் கதிர் வெளிவருவதைத் தாமதப்படுத்துவதோடு, செடியின் உயரத்தையும் கதிரில் உள்ள மணிகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. ஒரு ரகம் எந்த நிலப்பகுதிக்கு ஏற்றது, எவ்வளவு விளையும் என்பவை இத்தகைய மரபணுக்களைப் பெரிதும் சார்ந்திருப்பதால், விதை நிறுவனங்களுக்கும் பொது ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் இத்துறையினர் தேவைப்படுகிறார்கள். தரவுப் பகுப்பாய்வுத் திறனை மருத்துவ மரபியலுக்கும் எடுத்துச் செல்லலாம். தரவுப் பகுப்பாய்வுப் பணிகள் பலவற்றுக்கு முதுகலைப் பட்டம் போதும். ஆய்வுக்குழுவைத் தலைமை தாங்கி நடத்த முனைவர் பட்டம் வேண்டும். பயிர் வளரும் வேகத்தில்தான் ஆய்வும் நகரும் என்பதால், அந்த ஆண்டுகளைக் குடும்பம் முன்கூட்டியே கணக்கில் கொள்வது நல்லது.

ஆகவே, வயல் பயிற்சியே இல்லாத உயிர்த்தொழில்நுட்பப் படிப்பைவிட, மரபியலும் புள்ளியியலும் ஆழமாகக் கற்பிக்கும் பயிர் அறிவியல் படிப்பையே நான் பரிந்துரைப்பேன். தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படும் ஆர், பைத்தான் ஆகிய கணினி நிரல்மொழிகளை அவர் முதலாண்டிலேயே தொடங்கட்டும். 3,010 நெல் ரகங்களின் வரிசைத் தரவு பொதுவில் கிடைக்கிறது. அதில் ஒரு சிறு பகுதியை எடுத்துப் பழகினாலே இந்த வேலை தமக்குப் பிடிக்கிறதா என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

சேர்க்கைக்கு முன் கல்லூரியில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இளங்கலை மாணவர் ஒரு முழுப் பருவம் வயலில் தாமே தரவு சேகரிக்கிறாரா? அந்தத் தரவைப் பகுத்தாய அவருக்கு வழிகாட்டுபவர் யார்? தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் கட்டணம் செலுத்த அவசரப்படாதீர்கள்.