வாசகர் கேள்வி – பதில்: இரு கடற்கரைகளின் ஒரே மொழிக்குடும்பம்

கேள்வி: கலிஃபோர்னியாவின் வியோட், யூரோக் மொழிகளும் அட்லாண்டிக் கரைப் பழங்குடி மொழிகளும் ஒரே குடும்பம் என்கிறார்கள். இடையில் ஒரு கண்டமே கிடக்கிறதே, இது எப்படித் தெரிந்தது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அல்ஜிக் எனப்படும் இக்குடும்பத்தின் மிகப் பெரும் பகுதி, கிரீ, ஓஜிப்வே, பிளாக்ஃபுட், மிக்மாக் முதலியவை அடங்கிய அல்கோன்கியன் கிளையாகும். ஹம்போல்ட் விரிகுடாவின் வியோட்டும் கிளாமத் ஆற்றங்கரையின் யூரோக்கும் அதற்கு உறவு என்று மொழியியலாளர் எட்வர்ட் சப்பீர் 1913இல் அறிவித்தபோது, அல்கோன்கியன் அறிஞரான ட்ரூமன் மைக்கேல்சன் அதை ஏற்க மறுத்தார்.

ஒலி ஒத்த சொற்கள் தற்செயலாகவும் அமையலாம். உடைமை குறிக்கும் முன்னொட்டு வரிசை முழுவதும் அப்படி அமைவது அரிது. கிரீ மொழியில் 'நிசித்' என்றால் என் பாதம், 'கிசித்' உன் பாதம், 'ஒசித்' அவருடைய பாதம், 'மிசித்' யாரோ ஒருவருடைய பாதம். உரியவரைச் சுட்டாமல் பாதத்தைச் சொல்லவே வழியில்லை. நம் எந்தை, நுந்தை, தந்தை என்னும் பழஞ்சொற்களை அறிந்தவருக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். இது ஒப்புமை மட்டுமே, மொழியுறவு அன்று. யூரோக்கிலும் இதே நான்கு இடங்களில் நெ, கெ, வெ, மெ என்னும் முன்னொட்டுகள் நிற்கின்றன. இத்தகைய சான்றுகளோடு, ஒரு மொழியின் ஒலிக்கு மற்றொன்றில் குறிப்பிட்ட ஒலி ஒழுங்காக ஈடாக வரும் இணைகளையும் சேர்த்து, 1958இல் மொழியியலாளர் மேரி ஹாஸ் வழக்கை முடித்துவைத்தார். வியோட்டைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி டெல்லா பிரின்ஸ் 1962இல் காலமானார் என்பதை இத்துடன் வைத்துப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

கேள்வி: பேச்சு வழக்கொழிந்த மொழி எதுவும் இக்குடும்பத்தில் மீண்டதுண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. மாசசூசெட்ஸ் பகுதியின் வாம்பனோக் மொழி நூறாண்டுகளுக்கும் மேலாகப் பேசுவாரின்றிக் கிடந்தது. ஆனால், ஜான் எலியட் என்ற பாதிரியார் உள்ளூர் மக்களின் துணையோடு மொழிபெயர்த்து 1663இல் அச்சிட்ட விவிலியமும், அம்மக்கள் தம் கையாலேயே தம் மொழியில் எழுதிவைத்த நிலப் பத்திரங்களும் எஞ்சியிருந்தன. அச்சமூகத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் 1990களில் அவற்றைக் கற்று, உறவுமொழிகளின் இலக்கணத்தைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பினார். அவருடைய மகள் அம்மொழியைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தாள்.