பாலே வகுப்பும் சாப்பாட்டுத் தட்டும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

பாலே பயிலும் பிள்ளைகளின் உணவுப் பழக்கம், உடல்தோற்றக் கவலை ஆகியவை பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பகுதிகளிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் அடையாளத்தை நீக்கிவிட்டேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. பிள்ளைக்கு மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. பாலே தேர்வு வருகிறது என்று சோற்றை அறவே விட்டுவிட்டாள். ஆனால் சமையலறையை விட்டு நகர்வதில்லை. எங்களுக்கெல்லாம் அவளே பிரியாணி செய்து பரிமாறுகிறாள். கேட்டால் "இதெல்லாம் கட்டுப்பாடு" என்கிறாள். எடையும் போன ஆண்டு இருந்த அளவிலேயே இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

கவலைப்பட வேண்டும், அம்மா, பதற வேண்டாம். நீங்கள் எழுதியவற்றுள் என் கவனத்தை முதலில் இழுத்தது அவள் சோற்றை விட்டது அல்ல, தான் உண்ணாமல் மற்றவர்களுக்கு ஆசை ஆசையாகச் சமைத்துப் போடுவதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் பாதி உணவு மட்டும் கொடுத்துக் கவனித்தார். மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களில் யாருக்கும் இல்லை. ஆனாலும் அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் அளைந்து உண்டார்கள், உணவைத் தவிர வேறு நினைவின்றி நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். ஆகவே உங்கள் மகளின் இந்தப் போக்கை அடம் என்றோ நடிப்பு என்றோ எண்ணாதீர்கள். பட்டினி கிடக்கும் மூளை செய்யும் வேலை அது.

எடை அப்படியே இருப்பதும் ஆறுதல் தரக்கூடிய செய்தி அல்ல. 14 வயதில் உயரமும் எடையும் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். ஓராண்டாக ஒரே எடையில் நிற்கும் பிள்ளை தன் வளர்ச்சிப் பாதையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்றே நாங்கள் கணக்கிடுவோம். இவற்றோடு வேறு சிலவற்றையும் கவனியுங்கள். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாளா, சீப்பில் முடி கொத்தாக வருகிறதா, முதுகிலும் கைகளிலும் பூனைமுடி போல மெல்லிய ரோமம் படர்ந்திருக்கிறதா, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் செல்லும்போது படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும், இசிஜியையும், இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். "ஆடுகிற பிள்ளை, இதயம் மெதுவாகத்தான் துடிக்கும்" என்று யார் சொன்னாலும், ஒழுங்காக உண்ணாத பிள்ளையின் விஷயத்தில் அதை ஏற்காதீர்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் ஆகாது.

மகளுக்கு 15 வயது முடிந்துவிட்டது, இன்னும் பெரியவளாகவில்லை. பாலே ஆடும் பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். பாட்டியோ கோயில் கோயிலாக நேர்ந்துகொள்கிறார்.

பாட்டியின் கவலையில்தான் நியாயம் இருக்கிறது. பாலே உலகில் இது பரவலாகக் காணப்படுவது உண்மை. பரவலாக இருப்பதால் அது இயல்பாகிவிடாது. 15 வயது முடிந்தும் பூப்பு எய்தாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதங்கள் நின்றுபோனாலும் அப்படியே. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஆடுவதற்கே போதாதபோது மூளை இனப்பெருக்கத்துக்கான சுரப்புகளைக் குறைத்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் வலுப்பெறாமல் போகிறது. இளம் பாலே ஆட்டக்காரர்களிடம் பூப்புத் தாமதத்தோடு முதுகெலும்பு வளைவும் எலும்பு முறிவும் சேர்ந்து வருவதை 1986ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. பாதத்திலும் முழங்காலுக்குக் கீழும் திரும்பத் திரும்ப வலி வந்து, "பயிற்சி அதிகம்" என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளின் எலும்பில் நுண்ணிய விரிசல் இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அந்த மாத்திரையால் இரத்தப்போக்கு வரும், எலும்பு வலுப்பெறாது, உண்மையான குறையும் மறைந்துபோகும். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின், முதல் மருந்து சாப்பாடுதான்.

புரட்டாசி விரதம் வருகிறது. எடை ஏறுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கும் நோயான அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை பெறும் மகள், தானும் விரதம் இருப்பேன் என்கிறாள். சாமி காரியத்தைத் தடுக்க மனம் வரவில்லை.

தடுங்கள். புரட்டாசியில் கறிமீனை விலக்குவதும் பருப்பும் காய்கறியும் உண்பதும் உடல்நலமுள்ளவருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இந்த நோயிலோ, வீட்டில் எவரும் கேள்வி கேட்கத் துணியாத ஒரே காரணம் விரதமாக இருப்பதால், நோய் அதன் பின்னால் போய் மறைந்துகொள்கிறது. போன ஆண்டு புரட்டாசி முடிந்ததும் அவள் மற்றவர்களைப் போல மகிழ்ச்சியோடு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினாளா, அல்லது ஏதோ ஒரு காரணம் சொல்லி மாதக்கணக்கில் நீட்டித்தாளா என்று நினைத்துப் பாருங்கள். பதில் அதில் இருக்கிறது. நோயாளிக்கும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் விரதம் இல்லை என்பது நம் வழக்கமேதான். கோயில் குருக்களை அவளிடம் நேரிலேயே அதைச் சொல்லச் சொல்லுங்கள். மாலை கட்டுவதும் தேவாரம் பாடுவதும் அவளுக்கு நேர்த்திக்கடனாக இருக்கட்டும். தைப்பூசக் காவடிக்கும் இதுவே பதில். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மட்டும் அவளை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

சிகிச்சை முடியும் வரை ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டுமா? நிறுத்தினால் உயிரையே விட்டுவிடுவேன் என்கிறாள்.

உயிரை விடுவேன் என்ற பேச்சை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயால் இறப்பவர்களில் ஒரு பங்கினர் தற்கொலையால் இறக்கிறார்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுமமான சாடாக்கின் இலவசத் தொலைபேசிச் சேவையும் உங்களுக்குத் துணையாகும்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, நாடியும் இரத்த அழுத்தமும் தாழ்ந்திருக்கும்போது வகுப்பு கூடாது. இதில் பேரம் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பாலே குழுவில் ஆடிய ஹைடி குந்தர் 1997இல் 22 வயதில் திடீரென இறந்தது, இந்தத் துறையே தலைகுனிந்து பேசிய செய்தி. எடையைக் குறைக்கும்படி அவரிடம் முன்பு சொல்லப்பட்டிருந்தது. அபாய கட்டம் தாண்டிய பின் நான் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதில்லை. எடை படிப்படியாக ஏறினால் வாரத்துக்கு ஒரு வகுப்பு, குதித்தல் இல்லாமல், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி. ஏற்றம் நின்றால் வகுப்பும் நிற்கும். இந்த நிபந்தனையை ஆசிரியரும் பெற்றோரும் மருத்துவரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒருவர் இளகினாலும் அந்த இடுக்கு வழியாக நோய் நுழைந்துவிடும். ஒத்துழைக்க மறுக்கும் பள்ளியை மாற்றிவிடுங்கள். சான்றிதழும் பரிசும் இதற்கு ஈடல்ல.

டர்பனில் சிறிய பாலே வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளின் உடலைப் பற்றிப் பேசவே பயமாக இருக்கிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

இப்படிக் கேட்கும் ஆசிரியர்கள் இன்னும் பலர் வேண்டும். எடை, தொடை, வயிறு ஆகிய சொற்களை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். "வயிற்றை உள்ளே இழு" என்பதற்குப் பதிலாக "முதுகெலும்பை நிமிர்த்து, மூச்சை விலாவுக்கு அனுப்பு" என்றாலும் அதே நிலை வந்துவிடும். எடைக் கருவியை வகுப்பறைக்குள் கொண்டுவர எந்த நியாயமும் இல்லை. மாணவியின் உடல் மாறுவதைக் கண்டு கவலை வந்தால் பிள்ளையிடம் அல்ல, தனியாகப் பெற்றோரிடம் சொல்லுங்கள். எப்போதும் கண்ணாடி முன்னால் ஆட வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. கண்ணாடியில்லாமல் பயின்ற கல்லூரி மாணவியர் மெதுவான ஆட்டப் பகுதியில் கூடுதலாக முன்னேறியதைக் காட்டிய ஆய்வு உண்டு.

வற்றிய உடல்தான் பாலேயின் மரபு என்று உங்களிடம் வாதிடுபவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லுங்கள். 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'அன்ன ஏரி' நாட்டியத்தில் முதன்மை வேடமேற்று, 32 தொடர் சுழற்சிகளால் அரங்கை அதிரவைத்த பியெரினா லென்யானி குட்டையான, கட்டுமஸ்தான இத்தாலியப் பெண். மெலிவு ஓர் அளவுகோலாக இறுகியது 20ஆம் நூற்றாண்டில், அதிலும் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷின் விரும்பிய நீண்ட மெல்லிய உடல்வாகு உலகெங்கும் பின்பற்றப்பட்ட பிறகுதான். அந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வியன்னா அரசு ஓபராவின் பாலே பள்ளி சாட்சி: பிள்ளைகளின் நலன் அங்கே போதிய அளவு காக்கப்படவில்லை என்று 2019இல் விசாரணைக் குழு ஒன்று அறிக்கை தந்தது. பெரிய பெயர் கொண்ட பள்ளி என்பதால் மட்டும் பிள்ளை பத்திரமாக இருப்பாள் என்று நம்ப முடியாது.

"நம் இடுப்பும் நம் நிறமும் பாலேவுக்கு ஆகாதும்மா" என்கிறாள் என் பத்து வயது மகள். என்ன சொல்வது?

அவள் கண்டதைத்தான் சொல்கிறாள்; ஆகவே "அப்படியெல்லாம் இல்லை" என்று மழுப்பாதீர்கள். இளஞ்சிவப்புக் காலுறையும் காலணியும் வெள்ளைத் தோலுக்கு ஏற்றபடி அமைந்தவை. நியூயார்க்கின் ஹார்லெம் நாட்டியக் குழு 1970களிலேயே ஆட்டக்காரரின் தோல் நிறத்திலேயே காலுறை அணியத் தொடங்கியது. லண்டனின் ஃபிரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில், விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான முனைக்காலணி செய்து விற்கத் தொடங்கியதோ 2018இல்தான். நம் நாட்டு வரலாறும் இருக்கிறது: கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பிறந்த ஜோஹார் மொசவல், நிறவெறி ஆட்சியில் இங்கே மேடை கிடைக்காமல் லண்டன் சென்று, ராயல் பாலேயின் முதன்மை ஆட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்து, 2023இல் மறைந்தார். அவர் கதையைச் சொல்லுங்கள். அவள் நிறத்துக்கு ஏற்ற காலுறையைத் தேடி வாங்கிக் கொடுத்து, அதை அணிய அனுமதிக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

மகன் பாலே ஆடுகிறான். இதெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு வரும் நோய்தானே?

இல்லை. ஆண்பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் தசை கூட்டும் வெறியாக, மாவுச்சத்தை ஒதுக்கிப் புரதப் பொடியையே உணவாகக் கொள்வதாகத் தொடங்கும். யாரும் ஐயப்படாததால் தாமதமாகத்தான் வெளியே தெரியும்.

எனக்கு 19 வயது. அரங்கேற்றத்துக்கு முன் மலமிளக்கி மாத்திரை போடுகிறேன். சில நாள் சாப்பிட்டதை வாந்தியும் எடுக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதை எழுதியது நல்ல காரியம், தங்கை. மலமிளக்கி வேலை செய்வது பெருங்குடலில். உணவின் ஆற்றல் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எடைக் கருவியில் குறைந்து தெரிவது நீர். மறுநாள் அது திரும்பிவிடும். வாந்தியும் மலமிளக்கியும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தாறுமாறாகலாம்; ஆகவே இந்த வாரத்துக்குள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள், அமிலத்தால் இளகிய எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரால் கொப்பளித்தால் போதும். நாள் முழுவதும் பட்டினி கிடப்பதுதான் இரவில் அளவுமீறி உண்ண வைக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் சிறு தீனியும் என்ற ஒழுங்குக்குத் திரும்புவதே, அளவுமீறி உண்டு பின் அதை வெளியேற்றும் நோயான புலிமியாவின் சிகிச்சைக்கு முதற்படி. உங்களுக்கு 18 வயது தாண்டிவிட்டது. நீங்கள் சம்மதிக்காமல் மருத்துவர் வீட்டில் சொல்ல மாட்டார். ஆனால் ஒருவருக்காவது, அக்காவோ அத்தையோ, தெரிந்திருக்கட்டும்.

பாலேயை விட்டுப் பரதநாட்டியத்தில் சேர்த்தால் இந்தத் தொல்லை இராதல்லவா?

2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஆடுபவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கும், பாலே ஆடுபவர்களில் மட்டும் பார்த்தால் சுமார் 16 விழுக்காட்டினருக்கும் உணவுக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. பாலேயில் ஆபத்து கூடுதல்தான். மற்ற ஆட்டங்களிலும் அது இல்லாமல் இல்லை. பரதநாட்டிய உடை உடலை அவ்வளவு இறுக்குவதில்லை, முகபாவத்துக்கும் அங்கே இடம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அரங்கேற்றத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் "படத்தில் குண்டாகத் தெரிவாய்" என்று சொல்லும் குருவும் சித்தியும் நம்மிடமும் உண்டு. பிள்ளைக்கு எந்த ஆட்டம் பிடிக்கிறதோ அதைக் கற்கட்டும். கற்பிப்பவர் யார் என்று விசாரித்துச் சேருங்கள்.

பேத்திக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். தட்டைப் பார்த்தாலே அழுகிறாள். நான் என்ன செய்ய, டாக்டர்?

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வழிச் சிகிச்சையில், எதை எவ்வளவு உண்பது என்ற முடிவைச் சில மாதங்களுக்குப் பெரியவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அவளிடம் கேட்காதீர்கள், பாட்டி. நீங்களே சோறும் பருப்பும் நெய்யும் காயும் வைத்துக் கொடுங்கள். மிகவும் மெலிந்திருந்தவள் என்றால் முதல் சில நாட்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறாதீர்கள். திடீரென அதிகம் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி ஆபத்தாகலாம். அவள் அழுதால் பக்கத்தில் உட்காருங்கள், கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "இதுதான் மருந்து, கண்ணு, சாப்பிடு" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். கன்னம் தேறினால் அதைப் பாராட்டாதீர்கள். நீங்கள் அன்பாகச் சொல்வதை அவள் "குண்டாகிவிட்டேன்" என்றே கேட்பாள். கல்யாண வீட்டில் உறவினர் அவள் உடலைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றும் வேலையும் உங்களுடையதே. சாப்பிட்டு முடித்த பின் ஒரு மணி நேரம் அவளைத் தனியாகக் கழிப்பறைக்கு விடாமல், தொலைக்காட்சியோ தாயமோ ஏதாவது ஒன்றில் உங்களோடு உட்கார வையுங்கள்.