பதினோராம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் தவிர வேறு என்ன கிடைக்கும்?

உங்கள் மகள் பத்தாம் வகுப்பு முடித்து மேல்நிலைக்குப் போகிறாள். மொழிப்பாடமாகத் தமிழா பிரெஞ்சா என்று பள்ளியில் கேட்கிறார்கள். 'பிரெஞ்சு எடுங்கள், சுலபமாக மதிப்பெண் வரும்' என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டால் அந்தப் பாடத்தால் அவளுக்கு ஏதாவது நன்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. நேராகவே சொல்லிவிடுகிறேன்: அவளைப் பேச விட்டால், அந்த மொழி பேசும் மனிதர்களைத் தெரிந்துகொள்ள விட்டால், நிறைய நன்மை உண்டு. வினா விடைகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தால் எதுவும் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் வீண்தான்.

இரண்டாவது வகையில்தான் பெரும்பாலான பிள்ளைகள் இன்று பிரெஞ்சு படிக்கிறார்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதி எழுத்துத் தேர்வில் கிடைத்துவிடுகிறது. பழைய வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்தால் போதும். அதனால் தொண்ணூற்றைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளை, எதிரே ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து பெயரைக் கேட்டால் திகைத்து நிற்கிறது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாற்பது பேர் உள்ள வகுப்பு, வாரத்துக்குச் சில பாடவேளைகள், அவற்றில் பாதியைத் தேர்வும் திருப்புதலும் விழுங்கிவிடும். வாய் திறக்க அவர்களுக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை.

இத்தனைக்கும் நம் பிள்ளைகளின் வாய் இந்த மொழிக்கு ஓரளவு பழகிய வாய். பிரெஞ்சில் மூக்கொலி உயிர்கள் சில உண்டு. மூச்சை மூக்கு வழியாகவும் விட்டுச் சொல்ல வேண்டிய அந்த ஒலிகளில்தான் உலகமெங்கும் பிரெஞ்சு கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் 'மரம்', 'பணம்', 'பழம்' என்று வீட்டில் அம்மாவிடம் பேசுவதுபோல் சொல்லச் சொல்வேன். கடைசியில் உதடு ஒட்டுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒட்டாது. எழுத்தில் 'ம்' இருக்கும், பேச்சில் அது மூக்கோடு கரைந்துவிடும். 'வந்தான்', 'போனான்' என்பதும் அப்படித்தான். 'இதே ஒலிதான், இங்கே வேறு சொல்லில் வருகிறது' என்று சொன்னதும் வகுப்பில் முகங்கள் மலரும். அதுவரை வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று ஒதுங்கியிருந்த பிள்ளை, தனக்கும் இது வரும் என்று நிமிர்ந்து உட்காரும். உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்வதும், தொண்டைக்குள்ளிருந்து வரும் 'ர'வும் கொஞ்சம் காலம் பிடிக்கும். அதற்குப் பயிற்சிதான் வழி.

மொழியோடு சேர்ந்து வரும் பண்பாட்டுப் பகுதியைத்தான் பல பள்ளிகள் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிடுகின்றன. பதின்வயதுப் பிள்ளையை உண்மையில் பிடித்து நிறுத்துவது அதுதான். ஈஃபில் கோபுரத்தையும் வாசனைத் திரவியத்தையும் நான் சொல்லவில்லை. அவை விளம்பரத்திலேயே கிடைக்கின்றன. தன் வயதுப் பிள்ளை அங்கே எப்படிப் பள்ளிக்குப் போகிறது என்று காட்டிப் பாருங்கள். வகுப்பு எண்கள் அங்கே ஏறுவதில்லை, இறங்குகின்றன. பதினோரு வயதில் 'ஆறாவது' வகுப்பில் சேர்ந்து, பிறகு ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது என்று வந்து நடுநிலைப் பள்ளியை முடிக்கிறார்கள். புதன்கிழமை பிற்பகலில் பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பு கிடையாது. மற்ற நாட்களில் மாலை ஐந்து மணிகூட ஆகிவிடும். மதிப்பெண் இருபதுக்கு. பத்து எடுத்தால் தேர்ச்சி, பதினாறு எடுத்தாலே பள்ளியிறுதித் தேர்வில் 'மிக நன்று' என்ற சிறப்புத் தகுதி. பதினாறு என்றால் நூற்றுக்கு எண்பது. இதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியபோது, எண்பது வாங்கியதற்காக வீட்டில் வசவு வாங்கிய பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை நான் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் விட அவர்களை வியக்க வைப்பது தத்துவத் தேர்வு. நெப்போலியன் காலத்தில், 1808இல், தொடங்கிய பக்கலோரியா என்னும் பள்ளியிறுதித் தேர்வில் பொதுப் பிரிவு மாணவர்கள் எல்லாருக்கும் தத்துவம் கட்டாயம். அறிவியல் படிப்பவர்களுக்கும் விலக்கு இல்லை. நான்கு மணி நேரம் எழுத வேண்டும். மூன்று தலைப்புகள் கொடுப்பார்கள். இரண்டு, ஒற்றை வரிக் கேள்விகள். மூன்றாவது, ஒரு தத்துவ ஆசிரியரின் பத்தியை விளக்குவது. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் வாதத்தைக் கட்டி எழுத வேண்டும்.

அதே பாணியில் நானே ஒரு கேள்வி அமைத்து, பதினோராம் வகுப்பில் கொடுப்பது வழக்கம். ஒருமுறை 'உண்மையைச் சொல்வது எப்போதும் கடமையா?' என்று எழுதிப் போட்டேன். தெரிந்த பிரெஞ்சில் எழுதுங்கள், தெரியாத இடத்தில் தமிழில் எழுதுங்கள் என்றேன். முதலில் யாரும் பேனாவை எடுக்கவில்லை. 'மிஸ், இதற்கு எந்தப் பக்கத்தில் விடை இருக்கிறது?' என்று ஒரு பையன் கேட்டான். எங்கும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி எழுதத் தொடங்கினாள். நோயில் படுத்திருந்த தன் தாத்தாவிடம் டாக்டர் சொன்னதை வீட்டில் மறைத்துவிட்டார்கள், அது சரியா என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். முதல் நான்கு வரி உடைந்த பிரெஞ்சு, மீதி நல்ல தமிழ். முடிவாக எந்தப் பக்கமும் சாயவில்லை, ஆனால் இரண்டு பக்கத்தையும் நியாயமாகப் பேசியிருந்தாள். அந்த வயதில் அப்படி ஒரு கேள்வியை நம் பாடத்திட்டத்தில் அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்நிய நாட்டுப் பள்ளி ஒன்றைப் பற்றிப் படித்ததால் அந்தக் கேள்வி அவளிடம் வந்து சேர்ந்தது. நீங்கள் கேட்ட நன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. பிரெஞ்சு என்றால் பாரிஸ் என்று மட்டும் பிள்ளையின் மனதில் பதிந்துவிடக் கூடாது. கொங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசா மக்கள்தொகையில் பாரிஸை மிஞ்சிய நகரம். அங்கே ஆட்சிமொழி பிரெஞ்சு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு நம் பக்கத்திலிருந்து ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி, பள்ளியில் பிரெஞ்சு. தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. பிரெஞ்சு புழங்கும் இன்னொரு தீவான மொரீஷியஸ் நாட்டின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. செனகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் பிரெஞ்சில் எழுதிய பெரிய கவிஞர், பிரெஞ்சு மொழியின் உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதெமிக்கு 1983இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டா என்று தேடியவரும் அவர்தான். அந்த ஆய்வுக்காகத் தமிழறிஞர் க. ப. அறவாணன் செனகலின் தலைநகர் டக்கார் சென்று பணியாற்றியிருக்கிறார். செனகல் நாட்டுக்காரர் ஒருவர் தமிழைத் தேடி வந்தார் என்பதை உங்கள் மகள் எந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வாள்? பிரெஞ்சு வகுப்பில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

புதுச்சேரியைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. திருச்சியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம், சென்னையிலிருந்து அதைவிடப் பக்கம். கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காகப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். தெருப் பெயர்ப்பலகைகளைத் தமிழிலும் பிரெஞ்சிலும் வாசிக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஊர் அது என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு சொல்தாவைச் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் அழைக்கிறார்கள். பிரான்சோடு செய்த ஒப்பந்தப்படி 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அப்போது அதைத் தேர்ந்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் இன்றும் அங்கே இருந்தபடியே பிரான்சின் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.

ஒருமுறை என் மாணவர்களை அழைத்துப் போய் அப்படி ஒரு சொல்தாவைச் சந்தித்தோம். அந்தப் பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. மாணவர்கள் தயக்கத்தோடு, எழுதி வைத்துக்கொண்ட பிரெஞ்சுக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அவர் நம் ஊர் ராகத்தோடு, ஆனால் தங்கு தடையில்லாத பிரெஞ்சில் பதில் சொன்னார். ஒலிப்பதிவில் பாரிஸ்காரர்கள் பேசும்போது புரியாமல் விழித்த பிள்ளைகளுக்கு அவர் பேச்சு புரிந்தது. ஒரு மாணவன் வினைச்சொல்லைத் தவறாகச் சொன்னபோது, அதைத் திருத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 'பரவாயில்லை தம்பி, நிறுத்தாமல் பேசு' என்று தமிழில் சொன்னார். நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் ஏறாதது அன்று ஏறியது. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பையன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான்.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். இதைச் சொல்வதால் என் வகுப்பில் ஒரு பிள்ளை குறையலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை பொதுவாகத் தமிழ் படித்துத்தான் வந்திருப்பாள். அவள் ஒரு தமிழ் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையைத் திணறாமல் வாசிப்பாளா, ஒரு பக்கம் தமிழில் தன் எண்ணத்தை எழுதுவாளா என்று பாருங்கள். முடியும் என்றால் பிரெஞ்சை நம்பி எடுக்கலாம், தமிழ் வாசிப்பை வீட்டில் தொடரட்டும். முடியாது என்றால் பள்ளியில் தமிழையே எடுக்கட்டும். பிரெஞ்சை வெளியே கற்கலாம். சென்னையில் 1953 முதலும் புதுச்சேரியில் 1889 முதலும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம் இருக்கிறது. அங்கே பேச்சுக்குத்தான் முதலிடம். சொந்த மொழியை இரண்டு ஆண்டுகள் முழுதாகக் கைவிட்டு அந்நிய மொழியை அரைகுறையாகப் படித்து வெளியே வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பள்ளியில் பிரெஞ்சு எடுப்பது என்று முடிவானால், சேர்க்கும் முன்பே ஆசிரியரைச் சந்தித்து, வகுப்பில் பேச்சுப் பயிற்சி உண்டா, ஒலிப்பதிவு போட்டுக் காட்டுவார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்தக் குறையை வீட்டில் நிரப்ப வேண்டியிருக்கும். அது பெரிய செலவு இல்லை. பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி தருகிறது. டிவி5மோந்த் என்னும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் இணையதளத்தில் நிலைவாரியான பயிற்சிகள் இலவசம். முதல் சில மாதங்கள் செய்தியில் ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் காதில் விழும். அதற்காக நிறுத்திவிட வேண்டாம். சாப்பிடும்போது ஓடிக்கொண்டிருந்தால்கூடப் போதும்.

அளந்து பார்க்க ஒரு சான்றிதழ் வேண்டும் என்றால் பள்ளி மதிப்பெண்ணை நம்பாமல், பிரெஞ்சு அரசு சான்றிதழ் தரும் மொழித்தேர்வான டெல்ஃப் எழுதச் சொல்லுங்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. வாய் திறக்காமல் தேற முடியாத தேர்வு என்பதால்தான் அதைப் பரிந்துரைக்கிறேன். ஏ1, ஏ2, பி1, பி2 என்று எளியதிலிருந்து ஏறும் நான்கு நிலைகள். பதின்வயதினருக்கென்று பள்ளி வாழ்க்கையை ஒட்டிய வினாக்களோடு தனி வடிவமும் உண்டு. சான்றிதழ் காலாவதியாகாது. பதினோராம் வகுப்பின் முடிவில் ஏ1 எழுதினால் போதும், நன்றாகப் பேசுகிறாள் என்றால் ஏ2 முயலலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆண்டை நுழைவுத் தேர்வுகள் எடுத்துக்கொள்ளும். பிரான்சில் பிரெஞ்சு வழியில் பட்டப்படிப்பு என்ற எண்ணம் இருந்தால் பெரும்பாலும் பி2 கேட்பார்கள். அதைப் பள்ளிக்கூடத்தில் எதிர்பார்க்க வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அதற்கென்றே ஓர் ஆண்டு ஒதுக்கிப் படிக்கட்டும்.