கல்லூரி மாறினால் உதவித்தொகையும் கூடவே வருமா?

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பல வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பின் நடுவில் கல்லூரி மாறுகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

பாபநாசம் மாணவி: சார், தனியார் கல்லூரியில் பி.காம். முதல் வருடம் முடித்தேன். இப்போது தஞ்சாவூரில் அரசுக் கல்லூரியில் இரண்டாம் வருடம் சேர்கிறேன். புதுமைப்பெண் பணம் தொடர்ந்து வருமா?

தகுதி போகாதும்மா. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததற்குத்தான் மாதாமாதம் அந்த 1,000 ரூபாய். கல்லூரி மாறினால் அது மாறாது. மாட்டிக்கொள்வது யு.எம்.ஐ.எஸ். பதிவில், அதாவது கல்லூரி மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளத்தில். பழைய கல்லூரியின் கணக்கில் நீ இன்னும் படிப்பதாகவே இருந்தால், புதிய கல்லூரி உன்னை எப்படிச் சேர்க்கும்? எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பையன் மஞ்சள் பையில் எல்லாச் சான்றும் ஒழுங்காக வைத்திருந்தான். பழைய இடத்தில் மட்டும் பெயரை எடுக்கவில்லை. தீபாவளி வரைக்கும் இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அலைந்தான். அதனால் டி.சி. வாங்குகிற அன்றே, பெயரை எடுத்தாகிவிட்டதா என்று கேட்டு, கணினித் திரையில் உன் கண்ணால் பார்த்துவிட்டு வா. அங்கே முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு அப்பா: இரண்டு ஏக்கர் குத்தகைச் சாகுபடி. பையன் போன வருடம் கொடுத்த வருமானச் சான்றே போதாதா?

புதிதாக எடுத்துவிடுங்கள் அண்ணே. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைகளுக்கு வருட வருமான வரம்பு இரண்டரை லட்சம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகரும். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் நெல் கொள்முதல் நிலையத்தில் காட்ட, சாகுபடிக்குச் சான்றான அடங்கல் கேட்டு ஊரே வி.ஏ.ஓ. வாசலில் நிற்கும், உங்களுக்கே தெரியும். ஆவணியிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.

நாகப்பட்டினம் மாணவி: டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் வருடம் சேர்ந்திருக்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு, நல்ல தொகையே உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. பெண்களுக்குத் தருகிற பிரகதி உதவித்தொகை வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். கல்லூரி ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றதா என்றும் பார்த்துக்கொள். ஆனால் சேர்ந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் வருடம் வந்து, "தெரியாமல் போச்சு சார்" என்றால் கதவு திறக்காது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஓ.டி.ஆர். என்கிற ஒருமுறைப் பதிவு எண்ணை முதலில் எடு. மாற்றுத்திறனாளி என்றால் இதே தொகைக்கு சக்ஷம் இருக்கிறது.

மன்னார்குடி மாணவன்: பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு மத்திய அரசு தரும் 12,000 ரூபாய் போன வருடம் வந்தது. கல்லூரி மாறிவிட்டேன். மறுபடி புதிதாக விண்ணப்பிக்கவா?

வேண்டாம் தம்பி. புதிய விண்ணப்பம் முதல் வருடத்துக்கு மட்டும்தான். நீ போக வேண்டியது புதுப்பித்தலுக்கு. அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் கேட்பார்கள். அந்த வருகை பழைய கல்லூரியில் இருந்தது அல்லவா? கிளம்பும் முன்பே அதற்குச் சான்று வாங்கிக்கொள். புதிய கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அவரிடம் முதல் வாரமே போய் நில்.

மயிலாடுதுறை மாணவன்: பணம் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள். புதிய கல்லூரி பக்கத்தில் திறந்த கணக்கில் ஒரு பைசா இல்லை.

பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கை ஆதாரோடு இணைக்கிற ஆதார் சீடிங் வேறு. எந்த வங்கியில் கடைசியாக சீடிங் செய்தாயோ அங்கேதான் பணம் போகும். பள்ளிக்கூடக் காலத்தில் அம்மா கூட்டிப்போய்த் திறந்து வைத்த பழைய கணக்கில் பார்த்தாயா?