அவுட்போர்டு இன்ஜினில் உப்பு ஏன் படிகிறது, எப்படி எடுப்பது?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின், சூடு தணியக் கடல்நீரையே உறிஞ்சி உள்ளே ஓடவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நிறுத்தியதும் மிச்ச ஈரம் காய்ந்து, உப்பு உள்ளேயே தங்கிவிடும். காரைக்குடி வீடுகளில் ஊறுகாய் ஜாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதேதான். அன்றே துடைத்தால் ஈரத்துணி போதும். நாள்பட்டால் சுரண்ட வேண்டும்.

அதனால் தொண்டியில் கரையேறிய அன்றே, இன்ஜினின் அடிப்பகுதியை டிரம்மில் இறக்கி, தண்ணீர் உறிஞ்சும் துளைக்கு மேல்வரை நல்ல தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். இன்ஜின் பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் அடைப்பு இருக்கலாம். (தண்ணீரில்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள், பம்பின் ரப்பர் சக்கரம் போய்விடும்.) கெட்டிப்பட்ட படிவுக்கு வினிகர் கலந்த தண்ணீர்.

சரி, வெளியே ஹோஸ் பிடித்துக் கழுவினால் போதாதா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மேலிருக்கும் உப்பு மட்டும்தான் போகும், உள்வழியில் இருப்பது அசையாது.